முள் ஏறிய இடம்

"நைனா உசுரோட கீற சொல்லோவே சுடுகாட்டுல மீட்டரு நட்டு வெச்சியா நீ? சொல்லு—"

"கத்தாதண்ணா, உள்ள நைனாவ—"

"நைனாவுக்கு இனிமே கேக்கவா போவுது? ஊருக்குக் கேக்கட்டும். ஜெகன் போன் பண்றான். குயி தோண்டப் போன எடத்துல—"

"நான் சொல்றத ஒரு நிமிசம் கேளேன்—"

"—கண்ணாடிக் கொயா நிக்குதாம். அதுக்குள்ள தண்ணி கீதாம், மேல கடியாரம் மாரி முள்ளு கீதாம். யாரோ செய்வின வெச்சிட்டாங்கன்னு கடப்பாரைய போட்டுட்டு வேலியாண்ட ஓடியாந்துட்டான். வெச்சது எந்தங்கச்சிதாண்டான்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்லுவேன்?"

தெருவை மறித்துச் சாமியானா கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்கள். செந்தமிழன் கையில் போன் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஞானசுந்தரி வாசற்படியில் நின்றாள். அப்பாவின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டுவதற்காகக் கிழித்த வேட்டித் துண்டின் மிச்சம் அவள் விரல்களில் சுற்றிக் கிடந்தது. அப்பா முனிரத்தினம் விடிகிற நேரத்தில்தான் போனார். உள்ளே பெஞ்சில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்து, அழ வேண்டியவர்கள் ஒரு சுற்று அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அதற்குள் வாசலில் இந்தச் சண்டை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா எத்திராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொணத்த உள்ள வெச்சிக்கினு இன்னாடா பஞ்சாயத்து? இன்னா மீட்டரு, எதுக்கு நட்டா, அத்த மொதல்ல கேளு."

"அவ வேல பாக்கற எடத்துல வெப்பாங்களே, அந்த மீட்டருதான் பெரிப்பா. மண்ணுல ஈரம் பாக்கறது."

"நெலத்துல வெக்கறது சுடுகாட்டுக்கு இன்னாத்துக்கு?"

எல்லார் கண்ணும் சுந்தரி மேல் வந்து நின்றது. அவள் துணியை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"நைனாதான் வெக்கச் சொன்னாரு."

"யாரு?"

"நைனா."

"செத்த மனுசன் மேல பயி போடாத சுந்தரி," என்றான் செந்தமிழன். குரல் இறங்கிவிட்டது. இறங்கிய குரல்தான் கத்தலைவிட மோசமாக இருந்தது.

சுந்தரிக்கு வேலை, பாசன ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில். சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள வயல்களுக்கு ஸ்கூட்டரில் போவாள். துளைக்கருவியைத் திருகி ஆழத்து மண்ணை எடுத்து, தகர டப்பியில் அடைத்து எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போடுவாள். குறைந்த எடைதான் மண்ணிலிருந்த தண்ணீர். அதைத் தவிர வரப்போரத்தில் நட்டு வைத்த குழாய்கள் இருக்கும். குழாய் நிறையத் தண்ணீர். அடியில் சுட்ட மண்ணாலான ஒரு மூக்கு. தலையில் முள் வைத்த வட்டம். காய்ந்த மண் அந்த மூக்கின் வழியே தண்ணீரை இழுக்கும். இழுக்க இழுக்க மேலே முள் ஏறும். தண்ணீர் நிரம்பிய மண்ணுக்கு இழுக்கிற தாகம் இருக்காது. முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கும்.

முனிரத்தினத்துக்கு இதெல்லாம் கேலிதான். "ஊர்ல அவனவன் மனுசனுக்கு ஜுரம் பாக்கறான், எம்பொண்ணு மண்ணுக்குப் பாக்கறா" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அவர்தான் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மூச்சு வாங்க வாங்க, அவளைக் கட்டில் பக்கம் கூப்பிட்டார்.

"சுந்தரி, ஒங்கொயாவ நம்ம சுடுகாட்டுல நட்டுப் பாரேன்."

"இன்னா நைனா பேச்சு இது?"

"பேச்சு இன்னா பேச்சு. நெல்லுக்கு ஈரம் கீற எடமா பாக்கற இல்ல? எனுக்கு ஈரம் இல்லாத எடமா பாரு."

"ஒண்ணும் பாக்கத் தேவயில்ல. எயுந்து ஒக்காரு, கஞ்சி குடி."

"நான் எயுந்து ஒக்காந்துட்டா மீட்டர புடுங்கிடு. ஒங்க ஆபீசுக்கு இன்னா நஷ்டம்?"

இரண்டு நாள் முடியாது என்றாள். மூன்றாம் நாளும் அவர் அதையே கேட்டார். வட்டத்தின் கண்ணாடி கீறிவிட்டது என்று அலுவலகத்தில் ஓரமாகப் போட்டிருந்த குழாய்கள் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, குமிழி இல்லாமல் நிரப்பினாள். மாடு மேய்ப்பவர்கள் சாப்பிடப் போயிருந்த உச்சிப்பொழுதில் மயானத்துக்குப் போய், அம்மா சிட்டம்மாளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றையும், எதிர்க்கோடி மேட்டில் ஒன்றையும் இறக்கிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம் அவர் கேட்பார்.

"முள்ளு இன்னா சொல்லுது?"

"மேட்டுல ஏறி கீது."

"அம்மாவாண்ட?"

"பூஜ்யம்."

"பூஜ்யம்னா?"

"முயுக்கத் தண்ணி நைனா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அம்மாவை விட்டுத் தள்ளி வைக்கட்டுமா என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டாள். அதற்கும் சுவர்ப்பக்கம்தான் திரும்பினார். காய்ந்த இடம் பார்க்கச் சொன்னவர் வேறெதைச் சொல்லியிருக்கப் போகிறார் என்று சுந்தரி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

இவ்வளவையும் அவள் வாசலில் நின்று சொல்லவில்லை. பாதியைத்தான் சொன்னாள்.

"அம்மாவாண்ட தோண்டினா தண்ணிதான் வரும். மேட்டுல வெக்கலாம். அத்த பாக்கத்தான் நட்டேன்."

பெரியப்பா தலையை ஆட்டினார். "அது எப்டிம்மா? கட்னவ பக்கத்துல எடம் வுட்டு வெச்சிட்டு, புருசன கொண்டுபோய் அந்தக் கோடியில தனியா போடறதா? நம்மள்ல அந்த வயக்கமே கெடயாது."

"வேணும்னா காஞ்சிபுரம் எடுத்துக்கினு போயி எரிச்சிரலாமே," என்று சாமியானாக்காரர்களில் ஒருவன் நல்லெண்ணத்தோடு சொன்னான்.

"நீ கயித்த கட்டுடா," என்றார் பெரியப்பா.

செந்தமிழன் தங்கை பக்கத்தில் வந்தான். "ஒம்மீட்டரு பொய் சொல்லுச்சின்னா?"

அந்தக் கேள்வி சுந்தரிக்குப் பிடித்திருந்தது. காலையிலிருந்து அவளிடம் கேட்கப்பட்ட ஒரே ஒழுங்கான கேள்வி அது.

"சொல்லும். கொயாவுக்குள்ள காத்து பூந்துட்டா முள்ளு பூஜ்யத்துக்கு வந்துரும். மண்ணு காஞ்சி கெடந்தாலும் ஈரம் மாரியே காட்டும்."

"அப்போ?"

"மண்ண எடுத்துக் கையில புடிச்சிப் பாக்கணும். வா, பாத்துரலாம். பொய்யின்னா அம்மாவாண்டயே வெச்சிக்கோ, நான் வாயத் தொறக்கல."

"பொம்பள சுடுகாட்டுக்கா?" என்று எழுந்தேவிட்டார் பெரியப்பா.

உள்ளேயிருந்து செந்தமிழன் மனைவி நிஷா எட்டிப்பார்த்தாள். அழுது வீங்கிய முகம். வாய் மட்டும் வாடவில்லை. "பொணத்தோட போவக்கூடாதுன்னுதான மாமா சொல்வாங்க? பொணம் இங்கதான கீது. அவுங்க போயிட்டு வரட்டும், நான் பாத்துக்கறேன்."

பெரியப்பா யோசித்து முடிப்பதற்குள் ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த செந்தமிழன் துளைக்கருவியைத் துப்பாக்கி மாதிரி தோளில் சார்த்திப் பிடித்திருந்தான்.

கார்த்திகை பிறந்து ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது. அவர்கள் மயானம் ஏரிக்கரைக்குக் கீழே. கரையோரம் சாம்பல் நிறக் களி. எதிர்ப்புறம் சீமைக்கருவேல் அடர்ந்த சரளை மேடு. ஜெகன் வேலியோரமாகக் குத்துக்காலிட்டிருந்தான். சுந்தரியைப் பார்த்ததும் எழுந்தான்.

"அக்கா, அது ஒங்குளுதுன்னு தெரியாது. ஒண்ண கடப்பாரயால நெம்பிட்டேன்."

அம்மா பக்கத்தில் நட்ட குழாய் பிடுங்கிக் கிடந்தது. அடியிலிருந்த மண்மூக்கு இரண்டாகப் பிளந்திருந்தது.

"போனா போவுது. வுடு."

முதலில் மேட்டுக்குப் போனார்கள். அங்கே குழாய் நின்றது. குனிந்து பார்த்தாள், குமிழி இல்லை. முள் பூஜ்யத்தை விட்டு நன்றாகவே ஏறி நின்றது. துளைக்கருவியைத் திருகினாள். செம்மண் வந்தது. ஒரு பிடி எடுத்து அழுத்தினாள். கையைத் திறந்ததும் உருண்டை விரிந்து, விரலிடுக்கில் உதிர்ந்தது. அவன் கையிலும் கொடுத்தாள். அவனுக்கும் உதிர்ந்தது. இடுப்பளவுக்குக் கீழே எடுத்த மண்ணும் அப்படித்தான்.

பிறகு அம்மாவிடம் வந்தார்கள். புதைத்தபோது குவித்த மண் எல்லாம் எப்போதோ அமிழ்ந்து சமமாகிவிட்டது. தலைமாட்டில் நட்ட கல் மட்டும் சாய்ந்து நின்றது. சுந்தரி செருப்பைக் கழற்றினாள். நாலடி தள்ளிக் கருவியைத் திருக, மண் சப்பென்று பிடித்துக்கொண்டது. செந்தமிழனும் கைகொடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்த களியை அவள் அழுத்தினாள். விரல் ரேகை அப்படியே பதிந்தது. உள்ளங்கை ஈரமாகிப் பளபளத்தது.

"அவ்ளோதானா?"

"கொஞ்ச நேரம் இரு. துளையப் பாரு."

துளைக்கு இரண்டு பக்கமும் இருவரும் குந்தினார்கள். முதலில் இருட்டாகத்தான் இருந்தது. கலங்கல் தண்ணீர் விழும் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு துளையின் அடியில் சின்னதாக ஓர் ஒளி. அது வானம். கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கையை விட்டால் தொடலாம் என்கிற உயரத்தில் வந்து நின்றது.

செந்தமிழன் அம்மாவின் கல்லைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அம்மாவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

சுந்தரி மண்ணைக் கையிலிருந்து வழித்தாள்.

"சொல்லு. நான் வர சொல்லோ எல்லாம் முடிஞ்சி போச்சே. ஒரகடத்துல ஷிப்டு வுட்டு, மயயில மாட்டி, வந்து பாத்தா மண்ணக் குவிச்சி சாமந்தி போட்டு வெச்சிருந்தாங்க. நல்லபடியா முடிஞ்சிதுன்னு பெரிப்பா சொன்னாரு."

"நல்லபடியா முடியல."

"இன்னா ஆச்சி?"

"அத்த இப்போ எதுக்கு—"

"நீ சொல்லு."

"தோண்டத் தோண்ட ஊத்து வந்துக்கினே இருந்துச்சாம். எறைச்சி எறைச்சிப் பாத்தாங்களாம். பொயுது போயிருச்சி, மயயும் வந்துருச்சி. எறக்கிட்டாங்க." அவள் துளையைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்மா மேல வந்துருச்சாம்ண்ணா. நைனா உள்ள குதிச்சி, அம்மாவ காலால அமுக்கிக்கினு நின்னாராம். மண்ணத் தள்ளுங்கடான்னு கத்தினாராம். முட்டி வரிக்கும் மண்ணு வந்தப்புறந்தான் அவரத் தூக்கி வுட்டாங்களாம்."

துளையில் வானம் லேசாக நடுங்கியது. செந்தமிழன் முழங்கால் மாற்றி ஊன்றியிருக்க வேண்டும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எனுக்கே இந்த மயயிலதான் சொன்னாரு. அம்மா போனதுலருந்து ஒரு நாளும் அவரு கால நீட்டிப் படுத்து நான் பாக்கல. கட்டினவள மிதிச்ச காலுன்னு இப்போதான் சொன்னாரு."

அவன் எழுந்தான். அம்மாவின் கல்லை நிமிர்த்தப் பார்த்தான். அது மறுபடி சாய்ந்தது. இன்னொரு முறை நிமிர்த்தினான். பிறகு விட்டுவிட்டு, வேலிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"ஜெகன், மேட்டுல தோண்டு."

வீட்டுக்குத் திரும்பியதும் காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. குளிப்பாட்டினார்கள். நிஷா தண்ணீர் ஊற்ற, சுந்தரி அப்பாவின் கால்களைத் தேய்த்தாள். வாழ்நாளெல்லாம் சேற்றில் நின்று பிளந்த குதிகால்கள். சங்கு ஊதினார்கள், பறை அடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பெரியப்பா மட்டும் ஒருதரம் பக்கத்தில் வந்து, "எல்லாம் முடிவு பண்ணிட்டீங்க இல்ல? சரி, சரி," என்றார். கோபமா இல்லையா என்று தெரியாதபடி சொன்னார்.

பாடை தூக்கியபோது செந்தமிழன் நெருப்புச்சட்டியோடு முன்னால் நடந்தான். புது வேட்டி, ஈரத் துண்டு, மழித்த தலை. பெண்கள் தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போனார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வழியில்லை. காலையில் ஸ்கூட்டரில் தாண்டிய அதே இடம். சுந்தரி அங்கேயே நின்று, பூவிறைத்த பாதையில் பாடை ஏரிக்கரை திருப்பத்தில் மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா," என்றாள் நிஷா. "வூட்டக் கயுவணும்."

வீட்டைக் கழுவினார்கள். பெஞ்சைத் துடைத்து வாசலில் சாய்த்தார்கள். கட்டிலுக்கடியிலிருந்து மாத்திரைப் பட்டைகள், தைலப்புட்டி, ஒற்றைச் செருப்பு எல்லாம் வந்தன. சுந்தரிக்கு மனதில் ஒரு நிம்மதி இருந்தது. அதைத் துக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது. அந்தச் செம்மண் அவள் உள்ளங்கையில் உதிர்ந்த விதம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

"இன்னும் காணுமே," என்றாள் நிஷா. அடுப்பில் சோறு வெந்து இறங்கியிருந்தது. "குயி காலயிலயே தோண்டியாச்சின்னாங்களே."

"சடங்கு கீது இல்ல."

"சடங்குக்கு இவ்ளோ நேரமா?"

வெயில் சாமியானாவின் மேற்குப்பக்கத் தொங்கலில் இறங்கியபோதுதான் ஆண்கள் வந்தார்கள். கலங்கலில் முழுகிவிட்டு ஈரத்தோடு வந்தார்கள். ஜெகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நேரே சாமியானாவின் பின்பக்கம் போனான். சுந்தரி வாசலில் குடத்தையும் சொம்பையும் வைத்துவிட்டு நின்றாள். ஒவ்வொருவராகக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

செந்தமிழன் கடைசியாக வந்தான்.

அவனும் முழுகித்தான் இருந்தான். ஆனால் களி ஒரு முழுக்கில் போகிற மண் இல்லை. புது வேட்டி தொடைக்கு மேல் வரைக்கும் சாம்பல் பூத்திருந்தது. கால் நகங்களில் எல்லாம் சாம்பல் கோடு. சுந்தரி குனிந்து அவன் குதிகாலில் ஒட்டியிருந்ததை வழித்தாள். பழக்கதோஷம், விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினாள். ரேகை பதிந்தது.

"மேட்டுல செம்மண்ணுதானண்ணா."

அவன் நிமிரவில்லை. பின்னால் நின்ற பெரியப்பாதான் பேசினார். "மேட்டுக் குயிய காலியா வுடலம்மா. வாயமரக் கட்டய வெச்சி மூடியாச்சி. அதுக்கு ஒரு கொறயும் வெக்கல."

"நீங்க சொன்னீங்களா பெரிப்பா?"

"நான் சொல்லல. சாமி சத்தியமா நான் வாயத் தொறக்கல. இவன்தான் ஒங்கம்மா கல்லாண்ட பாடைய நிறுத்தி, அங்கயே தோண்டச் சொன்னான்."

பெரியப்பா உள்ளே போய்விட்டார். அண்ணனும் தங்கையும் குடத்துக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"மேட்டுக்குத்தான் போயிக்கினு இருந்தோம்," என்றான் செந்தமிழன். "மெய்யாலுமே. அம்மாவத் தாண்டித்தான போவணும். கல்லாண்ட வந்தப்போ கால் வரல சுந்தரி. நீ சொல்லாம இருந்திருந்தா தாண்டி இருப்பேன். சொன்னப்புறம் அம்மாவ மட்டும் அதுல வுட்டுட்டு எப்டி..."

சுந்தரி கையை நீட்டிச் சொம்பை எடுத்தாள். அவளுக்குக் கோபம் வந்து நின்றது. வந்த இடத்திலேயே நின்றது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாரே, அது சம்மதமா இல்லையா என்று இனி யாரிடம் கேட்பது?

அவள் குனிந்து அவன் கால்களில் தண்ணீரை ஊற்றி, கெண்டைக்காலைக் கையால் தேய்த்தாள். களி மெல்லக் கரைந்து வாசலில் சாம்பலாக ஓடியது. இவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்தும் அவன் கால்கள் விறைத்திருந்தன. இன்னொரு சொம்பு ஊற்றினாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சாண்ணா?"